மாப்பிள்ளைக்குக் கொடுத்த பாஸ்

பெண்கள் எலும்பு முறிவு வார்டில் ஆண்களுக்கு மாலை நான்கிலிருந்து ஐந்து வரைதான் இடம். ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் நான் விரட்டிவிடுவேன். கணவன், அப்பா, அண்ணன், தம்பி, யாராக இருந்தாலும் சரி. இதற்காகவே எனக்கு ‘மிலிட்டரி’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்ற நினைப்பில் வைத்திருக்கிறார்கள். பதினாறு வருடமாகத் தெரியும்.

அந்த விதியை நான் ஒரே ஒரு ஆளுக்காகத் தளர்த்தினேன். அதனால் ஒரு பெண்ணுக்குக் கால் போக இருந்தது.

கதையைப் படிவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன வருடம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் படிவம் கொண்டுவந்தார்கள். நான்கு பக்கம். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பிழைக்கும் நகரம் இது. ஒருத்தர் வளர்ந்த விதம் என்ன, எதில் கூச்சம், எதில் பயம் என்று தெரியாமல் வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது மட்டும் கவனிப்பு ஆகாது என்று மேலிடத்துக்குத் தோன்றியிருக்கிறது. என்ன மொழி, என்ன சாப்பாடு, யார் தொட்டால் சங்கடம், கெட்ட செய்தியை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், இப்படிக் கேள்விகள். பதினோராவது கேள்வி, ‘நோயாளி வலியை எப்படி வெளிப்படுத்துவார்?’ வாயால்தான், வேறு எதால் என்று நான் சொல்லப்போய் வகுப்பே சிரித்தது. வகுப்பு எடுத்தது நான். மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்து, மற்ற நர்ஸ்களுக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கிண்டல் செய்தாலும் படிவத்தை நான் நம்பினேன். ஐந்தாம் கட்டிலில் ஒரு வெளிநாட்டுப் பெண் இருந்தாள். அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறவள், ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் உடைந்திருந்தது. அவளுடைய மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, நம் மொழியில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. மொழிபெயர்ப்பாளரை போனில் பிடித்து வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் நிரப்பினேன். தலையில் கட்டிய துணியை எக்ஸ்ரேவுக்குக்கூட அவள் கையாலேயே அவிழ்க்க வேண்டும். ஆண் ஊழியர் தள்ளுவண்டியில் தூக்கி வைக்கக் கூடாது. வலித்தால் அவள் கத்தமாட்டாள், பாட்டு மாதிரி ஏதோ முனகுவாள், அது பாட்டு இல்லை. எல்லாவற்றையும் சிவப்பு மையில் எழுதி அவள் தலைமாட்டில் தொங்கவிட்டேன். பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

அவள் வந்த நான்காம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு ஆறாம் கட்டிலுக்கு ஆள் வந்தது. ஐம்பத்து நான்கு வயது அம்மாள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். வேலைக்குப் போகும் வழியில், பஸ் படியில் இறங்கும்போது கால் பிசகி விழுந்துவிட்டார். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. வீக்கம் வடிய வேண்டும், மறுநாள் ஆபரேஷன், அதுவரை மாவுக்கட்டு என்று எலும்பு டாக்டர் எழுதியிருந்தார். ஒன்பதரைக்குக் கட்டுப் போட்டு, ஒரு வலி ஊசியும் போட்டு வார்டில் படுக்க வைத்தார்கள்.

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அம்மாள் வாயைத் திறந்ததும், “சிரமம் கொடுக்கிறேன் சிஸ்டர்” என்றார். நம் பேச்சு. கையில் நான் கட்டுவது மாதிரியே ஒரு வாட்ச். சாப்பாடு கேட்டேன், எல்லாம் சாப்பிடுவேன் என்றார். அவ்வளவுதான். நான்கு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ‘நம்மவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் மிச்சம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

கூட வந்திருந்தது மாப்பிள்ளை. ஏ.சி. மெக்கானிக், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

“வேற யாரும் இல்லையா? பொம்பளை ஆள் யாராவது?” என்றேன்.

“இல்ல சிஸ்டர். மாமா தவறிட்டாரு. என் ஒய்ஃபுக்கு எட்டாம் மாசம், படுக்கையை விட்டு எழுந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஒரே பொண்ணு. நான்தான் பாக்கணும்.”

“வேலை?”

“போனா போகுது சிஸ்டர். அத்தையை விட்டுட்டு எங்க போறது?”

எனக்கு மனசு இளகிவிட்டது. பெற்ற மகனே பழத்தை வைத்துவிட்டு மணியைப் பார்க்கிற வார்டு இது. ‘ஆண்களுக்கு அனுமதி இல்லை’ என்ற போர்டுக்குக் கீழேயே நின்று, நாள் முழுக்க இருக்கலாம் என்று பாஸ் எழுதி என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். கூட டூட்டியில் இருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மிலிட்டரி ஆயுதத்தைக் கீழ போட்டுட்டாங்க” என்று அவள் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த மனிதர் பாஸுக்கு ஏற்ற மாதிரியே நடந்துகொண்டார். கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்கார நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நான் அம்மாளிடம் எதைக் கேட்டாலும் அவர் பதில் வைத்திருந்தார். சர்க்கரை இல்லை, பிரஷருக்குக் காலையில் ஒரு மாத்திரை, ஏழு வருடத்துக்கு முன்னால் கண்ணில் ஒரு சின்ன ஆபரேஷன். நான் போகிற வருகிறவர்களிடமெல்லாம், “பாருங்க, மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்” என்று அவர் காதுபடவே சொன்னேன். மூன்றாம் கட்டிலுக்குச் சொன்னேன், எட்டாம் கட்டிலுக்குச் சொன்னேன், தரை துடைக்க வந்தவரை நிறுத்திச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் என் அம்மாவும் என் கணவரும் ரிமோட்டுக்காக அடித்துக்கொள்வார்கள். என் அம்மாவுக்குப் பல் வலி வந்தால் முதல் புலம்பல் மாப்பிள்ளையிடம்தான், நானே இரண்டாம் பட்சம். உலகத்தில் எல்லா மாமியாரும் மாப்பிள்ளையும் அப்படித்தான் என்று நான் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. வேறு மாதிரி இருக்கும் என்று தோன்றவே இல்லை. அதுதான் விஷயம்.

மாவுக்கட்டுப் போட்ட காலை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். உடைந்த இடத்தில் உள்ளே ரத்தம் கட்டி வீங்கும். கட்டு இறுக்கிப் பிடித்திருக்கும், சதைக்கு விரிய இடம் இருக்காது, ரத்த ஓட்டம் நசுங்கிப்போகும். சில மணி நேரத்தில் சதை செத்துப்போய்விடும், அப்புறம் காலையே எடுக்க வேண்டியதுதான். இதற்கு முதல் அறிகுறி வலி. விரல் வெளுப்பதும் மரத்துப்போவதும் பிறகுதான் வரும். ஊசிக்கும் அடங்காத, மணிக்கு மணி ஏறுகிற வலி. அதை நோயாளி சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

பதினொரு மணிக்குக் கேட்டேன். “பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல. எத்தனைம்மா?”

அம்மாள் கண்ணை இறக்கிக்கொண்டு, “ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்றார்.

“எலும்பு ரெண்டும் உடைஞ்சிருக்கு, ஒண்ணுமில்லையா?”

“ஊசி போட்டாங்களே. இப்ப ஒண்ணுமில்ல.”

பூஜ்யம் என்று எழுதினேன். போர்வையை நீக்கப் போனேன், அவர் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார். குளிர்கிறது போல என்று நினைத்து, விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி விலக்கி நகத்தை அழுத்திப் பார்த்தேன். நிறம் திரும்பியது. விரலை ஆட்டச் சொன்னேன், லேசாக ஆட்டினார். சரி. விரல்களைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கோளாறு இருந்தால் அப்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும். நான் இழுத்துப் பார்க்கவில்லை. பூஜ்யம் என்று சொன்னவரை ஏன் இழுத்துத் துன்புறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கும் பூஜ்யம். நாடித் துடிப்பு நூற்று நான்கு இருந்தது. நெற்றி ஈரமாக இருந்தது. நாளைய ஆபரேஷனை நினைத்துப் பயம் என்று நானே முடிவு செய்து, “பயப்படாதீங்கம்மா, டாக்டர் கைராசிக்காரர்” என்று ஆறுதலும் சொன்னேன். அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரைப் போய்ச் சாப்பிட்டு வரச் சொல்லுங்க சிஸ்டர்” என்றார். ‘அவர்’ இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, காதுல விழுந்துச்சா? சாப்பிடப் போவீங்களாம்.”

“எனக்குப் பசிக்கல சிஸ்டர். அத்தை தூங்கினதும் போறேன்.”

“பாருங்கம்மா, உங்களுக்காகப் பட்டினி கிடக்கிறார். கொடுத்து வெச்சவங்க நீங்க” என்றேன். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணிக்கும் அதையே சொன்னார், அவரைச் சாப்பிட்டு வரச் சொல்லுங்க. ஒரு மணிக்கும் நான் அதே மாதிரி சிரித்தேன். ஒரு மணிக்கும் பூஜ்யம் எழுதினேன். பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு இந்த அம்மாள் ஏன் என் மூலம் சேதி அனுப்புகிறார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. எட்டாம் கட்டிலுக்கு டிரிப்ஸ் முடிந்துபோயிருந்தது, ஓடிவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஐந்தாம் கட்டில் பெண்ணுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். அவள் மாத்திரையை வாங்கவில்லை. இடது கையால் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். வந்த நான்கு நாளில் அவள் வார்டிலிருந்து ஏழெட்டு வார்த்தை பொறுக்கியிருந்தாள். தண்ணி, சிஸ்டர், வா, போ, வலி, போதும். “வலி” என்றாள்.

“உனக்கா?” என்று அவள் தோளைக் காட்டினேன்.

அவள் எரிச்சலோடு தலையை ஆட்டினாள். ஆறாம் கட்டிலைக் காட்டி, “வலி. வலி, வலி” என்றாள். தன் தலைத் துணியின் முனையை எடுத்து வாயில் திணித்துக் கடித்துக் காட்டினாள். கடித்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு கால்மாட்டில் நின்ற மாப்பிள்ளையைக் கண்ணால் காட்டி, உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மரமாக நின்றதைப் பார்த்து அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவன் போ!” என்றாள், வார்டுக்கே கேட்கிற மாதிரி.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. திரும்பி ஆறாம் கட்டிலைப் பார்த்தேன். போர்வையின் ஓரம் கசங்கி, நனைந்து, பல் பட்ட தடத்தோடு இருந்தது.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஒரு சீட்டில் ஏதோ ஒரு களிம்பின் பேரை எழுதினேன். “மாப்பிள்ளை, இது கீழ மருந்துக் கடையில வாங்கிட்டு வாங்க. உடனே வேணும்.” அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். கதவு ஆடி நின்றது. நான் திரையை இழுத்து மூடினேன்.

மூடினதும் அந்த அம்மாள் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் இத்தனை வருட சர்வீஸில் கேட்டதில்லை.

“சிஸ்டர், காலை வெட்டிப் போட்டுடுங்க. முடியல சிஸ்டர். வெட்டிடுங்க.”

“எப்போலேர்ந்தும்மா?”

“பன்னெண்டு மணிலேர்ந்து. எரியுது. உள்ள யாரோ முறுக்குற மாதிரி இருக்கு.”

போர்வையைத் தூக்கி எறிந்தேன். கட்டை விரலைப் பிடித்து மேலே லேசாகத் தூக்கினதுமே அம்மாள் கட்டிலிலிருந்து எழும்பினார். கட்டுக்கு மேலே முழங்கால் பக்கம் தோல் பளபளவென்று கல் மாதிரி இருந்தது. நான் டாக்டருக்கு போன் போட்டேன்.

டாக்டர் வருவதற்கு ஆறு நிமிடம் ஆனது. அதற்குள் மாவுக்கட்டை வெட்டுகிற மெஷினை எடுத்து வைத்துவிட்டு அம்மாள் பக்கத்தில் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஏம்மா சொல்லல? மூணு தடவை வந்து கேட்டேனே.”

“மாப்பிள்ளை நிக்கிறாரே சிஸ்டர்.”

“நின்னா என்னம்மா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. இதுகூடத் தெரியாதா உனக்கு என்கிற மாதிரி. “அவர் முன்னாடி எப்படிம்மா அழறது? எங்க வீட்டுல மாப்பிள்ளை எதிர்ல நாங்க பேச மாட்டோம். காலை நீட்ட மாட்டோம். எங்க அம்மா இருந்தாங்க, என் மாமியார் இருந்தாங்க, எல்லாரும் அப்படித்தான். பொண்ணு கல்யாணமாகி ஆறு வருஷத்துல அவர் முன்னாடி நான் தும்முனதுகூட இல்ல. நீங்க அவரை நிக்க வெச்சுக்கிட்டுக் கேக்கறீங்க. நான் என்ன சொல்றது?” வலியில் மூச்சு வாங்கியது. “போகச் சொல்லுங்கன்னு உங்ககிட்டத்தான சொன்னேன்.”

நான் மெஷினின் ஒயரைப் பிளக்கில் செருகினேன்.

டாக்டர் வந்தார். கட்டை வெட்டிப் பிரித்தார், காலைத் தொட்டார், தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். மூன்று மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, சதையைச் சுற்றியிருக்கிற உறையைப் பிளந்து, அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். வெளியே வந்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார், “இன்னும் ரெண்டு மணி நேரம் தாண்டியிருந்தா முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் மிஞ்சியிருக்காது சிஸ்டர். இப்பவும் முன் பக்கத்துல கொஞ்சம் சதை போயிடுச்சு. பாதத்தைத் தூக்க வருமான்னு போகப்போகத்தான் தெரியும்.”

மாப்பிள்ளை களிம்பைக் கையில் வைத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றிருந்தார். அதை என்னிடம் நீட்டினார். வாங்கி கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மறுநாள் காலை மேட்ரன் கூப்பிட்டார். சம்பவ அறிக்கை எழுத வேண்டும். டாக்டர் தன் பங்கை எழுதி வைத்திருந்தார். ‘நோயாளி வலியைத் தெரிவிக்கவில்லை.’ பொய் இல்லை. என் சார்ட்டில் வரிசையாக மூன்று பூஜ்யம், என் கையெழுத்தோடு. மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீங்க மணிக்கு மணி கேட்டிருக்கீங்க. சார்ட் சுத்தமா இருக்கு. கவலைப்படாதீங்க” என்றார். நல்ல மனுஷி, என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நான் அந்தச் சுத்தமான சார்ட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

எழுதுவதற்கு முன்னால் கிளார்க்கம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வார்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வராந்தா பெஞ்சில் இருந்தார். பாஸை நான் ரத்து செய்யவில்லை. அவரே உள்ளே வரவில்லை. திரைக்குள் அம்மாள் விழித்துக்கொண்டு படுத்திருந்தார். கால் முழுக்கப் பஞ்சும் துணியுமாக இருந்தது.

“அம்மா, என்ன நடந்துச்சுன்னு நான் எழுதிக் கொடுக்கணும். எல்லாத்தையும் எழுதப்போறேன். தப்பு என் மேலதான்” என்றேன்.

“எழுதுங்க சிஸ்டர். ஆனா ஒண்ணு.” கையைக் காட்டிப் பக்கத்தில் வரச் சொன்னார். “மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது. அவர் நின்னதாலதான் நான் சொல்லலைன்னு அவர் காதுல விழக் கூடாது. அந்தப் புள்ள சோறு தண்ணி இல்லாம நின்னுச்சு. என் பொண்ணுகிட்ட போய் என்ன சொல்லும்? காலத்துக்கும் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கும். நாளைக்கு நான் நொண்டி நொண்டி நடக்கறதைத் தினம் பாக்கப்போறது அவர்தான்.”

“அவருக்குத் தெரியாது இல்லையா?”

“தெரியாது. அவருக்கு இதெல்லாம் எங்க தெரியும்? ஆம்பளப் புள்ள. சத்தியமா சொல்லாதீங்க சிஸ்டர்.”

சொல்லமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். பிறகு அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போன நாள் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அந்த அம்மாள் வீட்டில் வலி வந்தால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். பிள்ளை பெறும்போதுகூட வீட்டு ஆண்கள் காதில் விழும்படி கத்தினதில்லையாம். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரையே அதட்டுகிறவர்தான், வீட்டுக்குள் நுழைந்தால் இப்படி. குறுக்குக் கோடு போட்ட படிவத்தில் எழுத இடம் இல்லை, பின்பக்கத்தில் எழுதினேன். ஐந்தாம் கட்டில் பெண் ஒரு கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அவள் வீட்டிலும் இதே கதைதானா என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன், அன்று மத்தியானமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அறிக்கையில் நான் எழுதியது இவ்வளவுதான். ‘நோயாளியின் பழக்கங்களை விசாரிக்கவில்லை. விசாரித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். வலியைப் பற்றி மூன்று முறையும் வேறொருவர் எதிரில் கேட்டேன். தனியாகக் கேட்கவில்லை. அந்த ஆளை உள்ளே இருக்க அனுமதித்ததும் நான்தான்.’ அந்த ஆள் யார் என்று எழுதவில்லை. மேட்ரன் படித்துவிட்டு இரண்டு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். வகுப்பு எடுக்கிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. வலித்தது என்றால் வலித்ததுதான். ஆனால் அது எனக்கு வர வேண்டியது.

ஐந்தாம் நாள் புண்ணை மூடித் தைத்தார்கள். எலும்புக்குக் கம்பி வைத்தாகிவிட்டது. விரல்களைக் கீழே மடக்க முடிந்தது. மேலே தூக்கச் சொன்னபோது பாதம் அப்படியே கிடந்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

டாக்டர் போன பிறகு நான் வராந்தாவுக்குப் போனேன். மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமே. அவர் அதே பெஞ்சில், அதே ஓரத்தில் இருந்தார். ஐந்து நாளில் வேலைக்கும் போகவில்லை, வார்டுக்குள்ளும் வரவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், அன்னிக்கு நீங்க களிம்பு வாங்க அனுப்பினீங்களே. நான் போனதுக்கப்புறம்தான அத்தை சொன்னாங்க?”

நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். “வலி அப்பத்தான் அதிகமாச்சு. முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க வேண்டியது நான். தப்பு என்னோடது. எழுதியும் கொடுத்துட்டேன். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

“எனக்குத் தெரியும் சிஸ்டர்.”

“என்ன தெரியும்?”

“நான் வீட்டுக்குள்ள வர்றப்ப வாசல்லயே செருமிட்டுத்தான் வருவேன். அத்தை எழுந்து உள்ள போக டைம் கொடுக்கணும்ல. ஆறு வருஷமா அப்படித்தான். அவங்க இருக்கிற ரூம்ல நான் ஒரு நிமிஷம் சேர்ந்தாப்ல நின்னதில்ல. அன்னிக்குக் காலையிலயே வெளிய போய் நிக்கணும்னு தோணுச்சு. அப்பத்தான் நீங்க அந்தப் பாஸைக் கொடுத்தீங்க. எல்லார்கிட்டயும் சொன்னீங்க, மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு. எங்க வீட்டுல என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல சிஸ்டர். கேக்க நல்லா இருந்துச்சு. நின்னுட்டேன்.”

நான் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டூட்டி நேரத்தில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை. உள்ளே திரைக்குப் பின்னால் அந்த அம்மாள் இவருக்குத் தெரியக் கூடாது என்று தவித்துக்கொண்டு படுத்திருந்தார்.

அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நான் வருத்தப்படக் கூடாதுன்னு இனி எவ்வளவு வலிச்சாலும் அவங்க ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாங்க” என்றார்.